அப்பாயி கப்பல் ஏறுன டேசன்

எங்க அப்பாயி சாகுற வரைக்கும் ரயில ரயில்னு சொன்னதே இல்ல. கோச்சின்னுதான் சொல்லும். "கோச்சி எத்தன மணிக்குடா", "கோச்சி சத்தம் கேக்குது பாரு". புதுக்கோட்டைல எங்க தெருவுல வேற யாரும் அப்படி சொல்லமாட்டாங்க, சிலோன்லேர்ந்து திரும்பி வந்த குடும்பங்கள்ல மட்டும்தான் அந்த வார்த்த பொழங்கும், அதக் கேட்டே வளந்ததால சின்ன வயசுல எனக்கு ரயிலுக்கு ரெண்டு பேருன்னுதான் நெனப்பு.

அந்த அப்பாயி ஏழு வயசுல மொதமொதல்ல ஏறுன கோச்சி போயி நின்ன எடம் தனுஷ்கோடி. இன்னிக்கு தனுஷ்கோடின்னு யூடியூப்ல போட்டா வர்ற நூறு வீடியோவும் ஒரே மாதிரி இருக்கு. மேலேர்ந்து ட்ரோன் ஷாட், சோகமா ஒரு மியூசிக், பேய் நகரம்னு ஒரு டைட்டில், அப்புறம் 1964 டிசம்பர் ராத்திரி கடல்ல போன ரயில். அந்த ராத்திரி பெரிய கொடுமைதான், செத்தவங்க ஒவ்வொருத்தரும் யாரோ ஒருத்தர் வீட்டுப் புள்ளதான், அத சொல்லாம இருக்க முடியாது, நானும் கீழ சொல்றேன். ஆனா அந்த ஸ்டேஷன் 1914லேர்ந்து 1964 வரைக்கும் அம்பது வருஷம் உசுரோட இருந்துச்சு. அந்த அம்பது வருஷத்துல அது யார ஏத்துச்சு, எங்க அனுப்புச்சு, எதுக்காக அந்த மணல் திட்டுல ஒரு ஸ்டேஷன் கட்டுனாங்கன்னு ஒருத்தரும் பேசுறதில்லங்கறது எனக்கு ரொம்ப நாளா நெஞ்ச அறுக்குற விஷயம். என் குடும்பமே அது வழியா போன குடும்பம், அதனால எழுதுறேன்.

மொதல்ல, அங்க எதுக்கு ஸ்டேஷன்? தனுஷ்கோடி ராமேஸ்வரம் தீவோட வால் மாதிரி கெழக்க நீண்டு போற ஒரு மணல் நாக்கு. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, அத அங்க பெண்கடல்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் சாதுவா கெடக்கும். இன்னொரு பக்கம் ஆண்கடல், அது எப்பவும் எரஞ்சுக்கிட்டே இருக்கும். அங்கேர்ந்து சிலோன்ல இருக்கற தலைமன்னார் கடல்ல 35 கிலோமீட்டர் வாக்குலதான், புதுக்கோட்டைலேர்ந்து திருச்சி போறதவிட கம்மி. இந்தக் கிட்டத்து தூரத்துக்காகத்தான் எல்லாமே.

அதுக்கு முன்னாடி சிலோனுக்கு ரயில்ல போறவங்க மெட்ராஸ்லேர்ந்து தூத்துக்குடி போயி அங்க கப்பல் ஏறி கொழும்புல எறங்கணும். அந்தக் கப்பலுக்கு ஆள் கொண்டுபோற ரயிலுக்குத்தான் போட் மெயில்னு பேரு வந்துச்சு. இந்தியாவையும் சிலோனையும் நேரா ஒரு பாலமே போட்டு சேத்துரலாமான்னுகூட யோசிச்சாங்க, செலவு கட்டுப்படியாகலன்னு கடைசில பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம், மிச்சத்துக்கு கப்பல்னு முடிவாச்சு. பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24ம் தேதி தெறந்தாங்க, நூத்துக்கும் மேல தூணு, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், நடுவுல கப்பல் போக ரெண்டு பக்கமும் தூக்குற மாதிரி வாராவதி. அதோட தனுஷ்கோடி ஸ்டேஷனும் ஜெட்டியும் ரெடியாச்சு, அந்தப் பக்கம் தலைமன்னார்லேர்ந்து சிலோன் ரயில்வேயும் லைன் போட்டுருச்சு.

இப்ப எல்லாரும் ராமேஸ்வரம்தான் மெயின் ஸ்டேஷன்னு நெனைக்கிறோம். அப்ப அப்படி இல்ல. மெயின் லைன் பாம்பன்லேர்ந்து நேரா தனுஷ்கோடிக்குப் போகும், ராமேஸ்வரத்துக்குத்தான் பாம்பன் ஜங்ஷன்லேர்ந்து தனியா ஒரு கெள பிரியும். தனுஷ்கோடி ஒரு சின்ன மீன்புடி ஊருதான், ஆனா அது ஸ்டேஷனா இருந்தப்ப ஒரு நாட்டோட வாசப்படியா இருந்துச்சு. எழும்பூர்ல கொழும்புக்கே ஒரே டிக்கெட் எடுக்கலாம். அதுலயே ரயிலு, கப்பலு, மறுபடி ரயிலு எல்லாம் அடக்கம். நம்ம பக்கம் மீட்டர் கேஜ், சிலோன் பக்கம் பிராட் கேஜ், அதனால கடல் இல்லாம இருந்தாலும் ஒரே பெட்டி நேரா போயிருக்க முடியாது, எறங்கி மாறித்தான் ஆகணும். அந்த மாறுற எடம்ங்கறதால அங்க கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், தந்தி, துறைமுக ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சர்ச்சு, கோயிலு, யாத்திரை வர்றவங்களுக்கு சத்திரம்னு எல்லாம் முளைச்சுச்சு.

மொதல்ல ஓடுன ஸ்டீமருங்களோட பேரு கர்சன், எல்ஜின், ஹார்டிங். எல்லாம் வைஸ்ராய்ங்க பேரு. பின்னாடி இர்வின், கோஷன்னு ரெண்டு வந்துச்சு, எங்க அப்பாயி போனது இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கணும். அதுகிட்ட கப்பல் பேரு கேட்டா தெரியாது. "பெருசா வெள்ளையா இருந்துச்சு, உள்ள எண்ணெய் நாத்தம் கொடலப் பொரட்டுச்சு"ன்னு மட்டும் சொல்லும்.

ரெண்டு வித ஜனங்க அந்த ஸ்டேஷன்ல எறங்குனாங்க. ஒண்ணு யாத்திரைக்காரங்க. காசிலேர்ந்து கங்கைத் தண்ணி கொண்டுவந்து ராமேஸ்வரத்துல அபிஷேகம் பண்ணி, தனுஷ்கோடி சேதுல குளிச்சு, அங்கேர்ந்து மண்ணு எடுத்துட்டுப் போயி திரும்ப கங்கைல கரைக்கிறது பெரிய மொற. வடநாட்டுலேர்ந்து குடும்பம் குடும்பமா வருவாங்க. அவங்களுக்கு அதுதான் தேசத்தோட கடைசி ஸ்டேஷன், அங்கேர்ந்து திரும்பிருவாங்க.

இன்னொண்ணு எங்க ஆளுங்க. அவங்களுக்கு அது மொத ஸ்டேஷன்.

சிலோன் தேயிலத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கறதுக்குன்னே சிலோன் லேபர் கமிஷன்னு ஒண்ணு திருச்சில 1904லேர்ந்து இருந்துச்சு. கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் புடிக்கிற மேஸ்திரி, ஊருக்கு வருவாரு, நல்ல வேட்டி கட்டி, காதுல கடுக்கன் போட்டு, தேங்காயும் மாசிக் கருவாடும் இருக்கு, காசு மரத்துல காய்க்குதுன்னு சொல்லுவாரு, கடன் குடுப்பாரு, அந்தக் கடன்லயே ஆள் கட்டுப்படும். புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம்னு எந்தெந்த ஊர்ல மழை பொய்ச்சுதோ அங்கேர்ந்தெல்லாம் போனாங்க. ரயில் வர்றதுக்கு முன்னாடி, தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல, மன்னார்ல எறங்கி காட்டு வழியா மாத்தள வரைக்கும் நடந்தே போயிருக்காங்க, காலரா வந்து வழியிலயே ஏகப்பட்ட பேரு செத்துருக்காங்க. அப்புறம் வந்த தலமுறைக்குத் தோட்டத்துப் பேரு, நம்பர் அடிச்ச தகர டிக்கெட் ஒண்ணக் குடுத்து அனுப்புவாங்க. மனுஷன் தொலஞ்சாலும் எந்தத் தோட்டத்துச் சரக்குன்னு தெரியணும்ல.

எங்க அப்பாயி போனது 1937ல. அப்பா, அம்மா, அது, ஒரு கைப்புள்ளத் தம்பி. தனுஷ்கோடிக்கு முன்னாடி மண்டபம் கேம்ப். அங்க ஒரு வாரம் வாக்குல புடிச்சு வச்சிருப்பாங்க, காலரா பெரியம்ம ஏதாவது இருக்கான்னு பாக்க. ஊசி போடுவாங்க. "கட்டிருக்கற துணியெல்லாம் மருந்துத் தண்ணில முக்கிக் குடுப்பான், அது காஞ்சதும் மொறமொறன்னு ஒடம்புல உறுத்தும், ஆனா சோறு போட்டான்டா, தட்டு நெறய போட்டான்"னு சொல்லும். ஊருல அரவயிறா கெடந்த புள்ளைக்கு மொத மொதல்ல வயிறு நெறஞ்சது ஒரு குவாரன்டைன் கேம்ப்லங்கறத நான் பெரியவனானப்புறம்தான் புரிஞ்சுக்கிட்டேன். மண்டபம் கேம்ப்னு அந்தப் பேருல இன்னிக்கும் ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. அதே எடத்துலதான் பின்னாடி ஈழத்துலேர்ந்து அகதியா வந்தவங்கள வச்சாங்க, இன்னமும் அங்க ஜனங்க இருக்காங்க.

கேம்ப்லேர்ந்து மறுபடி ரயிலு, பாம்பன் பாலம், தனுஷ்கோடி. பாலத்துல போறப்ப எல்லாரும் அழுதாங்கன்னு சொல்லும், பயத்துலயா ஊர விட்டுப் போறோம்னான்னு கேட்டா ரெண்டும்னு சொல்லும். ஸ்டேஷனப் பத்தி அது சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், ஆனா எத்தன தடவ சொல்லிருக்கும்னு கணக்கே இல்ல. அவங்க அம்மா, அதாவது என் பூட்டி, முந்தானைய இவ கையில கட்டிருச்சாம். மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்தி இறுக்கி ஒரு முடிச்சு. அவ்வளவு கூட்டம், புள்ள தொலஞ்சுரும்னு. இடுப்புல கைப்புள்ள, தலைல சட்டிமுட்டி மூட்ட, முந்தானைல கட்டுன பொண்ணு, அப்படியே பிளாட்பாரத்துலேர்ந்து ஜெட்டிக்கு நடந்துருக்காங்க. வேட்டி கட்டுனவங்க, கோட் போட்டவங்க, மொட்டயடிச்ச வடக்கத்தி பாட்டிங்க, கருவாட்டு மூட்ட, கூலிங்க, கஸ்டம்ஸ்காரன் சத்தம். கப்பல்ல ஏறி டெக்ல உக்காந்தப்புறம் முடிச்ச அவுக்க முடியலயாம், வேர்வைல இறுகிப் போச்சு, பல்லால கடிச்சு அவுத்தாங்களாம். கையில செவப்பா தடம் இருந்துச்சுன்னு சொல்லி மணிக்கட்டத் தடவிக் காட்டும், எம்பது வயசுலயும்.

அந்தப் பக்கம் தலைமன்னார்ல எறங்கி மதவாச்சி, அனுராதபுரம், பொல்காவலைன்னு சுத்தி தேயிலத் தோட்டப் பக்கம் இருக்கற அட்டனுக்குப் போயிருக்காங்க. அங்க ஏறுனதுலேர்ந்துதான் ரயிலு கோச்சி ஆச்சு.

அப்பாயி போயி ரெண்டு வருஷத்துல, 1939 ஆகஸ்ட்ல, இந்திய அரசாங்கமே கூலி வேலைக்கு யாரும் புதுசா சிலோன் போகக்கூடாதுன்னு தட போட்டுருச்சு. அங்க இந்தியத் தொழிலாளிங்கள வேலைலேர்ந்து அனுப்ப ஆரம்பிச்சதுக்கு பதிலா இது. அதனால எங்க அப்பாயி அந்த ஸ்டேஷன்ல கடைசியா ஏறுன கூட்டத்துல ஒண்ணுன்னே வச்சுக்கலாம். ஊருக்கு வந்து போறவங்க போக்குவரத்து இருந்துச்சு, யாத்திரை இருந்துச்சு, வியாபாரம் இருந்துச்சு, ஆனா குடும்பம் குடும்பமா மூட்டையத் தூக்கிட்டுப் போற அந்தக் கூட்டம் நின்னுருச்சு.

ரெண்டாம் உலக யுத்த காலத்துல ஒரு சின்ன விஷயம். ராமேஸ்வரத்துல ரயில் நிக்கறத நிறுத்திட்டாங்க, அதனால மெட்ராஸ்லேர்ந்து வர்ற பேப்பர் கட்ட ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவுல ஓடுற வண்டிலேர்ந்தே வீசுவாங்க. அதப் புடிக்க, பேப்பர் ஏஜென்டா இருந்த சொந்தக்காரருக்கு ஒத்தாசையா ஒரு சின்னப் பையன் நிப்பான். அதுதான் அவன் வாழ்க்கைல மொத சம்பாத்தியம். அப்துல் கலாம்தான் அந்தப் பையன், அவரே எழுதிருக்காரு. ராமேஸ்வரத்துல கலாம் நினைவிடம் பாக்கப் போறவங்க தனுஷ்கோடியையும் பாத்துட்டு வர்றாங்க, ரெண்டுக்கும் நடுவுல இப்படி ஒரு தண்டவாளம் ஓடுச்சுங்கறது எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல.

அப்புறம் 1948. சிலோன் சுதந்திரம் வாங்குன அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் போட்டு எங்க ஆளுங்களுக்கு நாடு இல்லாம பண்ணுனாங்க. அங்கயே பொறந்த எங்க பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் அந்த நாட்டுல குடியுரிமை இல்ல, இந்தியாலயும் இல்ல. நெனச்சா ஊருக்கு வந்து ஒரு கல்யாணத்தப் பாத்துட்டுப் போறதுங்கறது முடிஞ்சுபோச்சு, பாஸ்போர்ட்டு, விசா, பர்மிட்டு. ஸ்டேஷன் இருந்துச்சு, கப்பல் இருந்துச்சு, ரயிலும் ஓடுச்சு, ஆனா யாருக்காக அந்த வழியப் போட்டாங்களோ அவங்களுக்கு அது மூடுன கதவாயிருச்சு. புயல்தான் தனுஷ்கோடிய அழிச்சுச்சுன்னு சொல்றப்பல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அந்த ஸ்டேஷனோட வேலைல பாதி அதுக்கு முன்னாடியே பேப்பர்ல கையெழுத்துப் போட்டே பறிச்சாச்சு.

1964 அக்டோபர் 30. டெல்லில சிலோன் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க. ஒம்பதே முக்கா லட்சம் பேருல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கறது, 3,00,000 பேருக்கு சிலோன் குடியுரிமை, மிச்சம் ஒன்னர லட்சம் பேர பின்னாடி பாத்துக்கலாம். ஆட்டுமந்தயப் பிரிக்கிற மாதிரி. இத்தன லட்சம் பேரு திரும்பி வரணும்னா எந்த வழியா வருவாங்க? தலைமன்னார், தனுஷ்கோடி. போன வழியேதான்.

கையெழுத்தாகி ரெண்டு மாசம்கூட ஆகல.

டிசம்பர் 17 வாக்குல தெற்கு அந்தமான் பக்கம் உண்டான தாழ்வு, புயலாகி, 22ம் தேதி சிலோன்ல வவுனியா பக்கம் அடிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி தனுஷ்கோடிக்கு வந்துச்சு. காத்து மணிக்கு 280 கிலோமீட்டர் இருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க, கடல் இருவது அடிக்கு மேல எழும்பி மணல் திட்டு மேல ஏறி இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போயிருச்சு. பாம்பன்லேர்ந்து கெளம்புன 653ம் நம்பர் பாசஞ்சர் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி நின்னுருக்கு. சிக்னல் வேல செய்யல, கும்மிருட்டு, மழ. டிரைவர் காத்துப் பாத்துட்டு, நீளமா விசில் அடிச்சு மெதுவா நகத்திருக்காருன்னு சொல்லுவாங்க. கடல் ஏறி மொத்த வண்டியையும் மூடிருச்சு. ரயில்வே கணக்குல 115 பேரு, அதுல அஞ்சு பேரு ஸ்டாஃப். டிக்கெட் எடுக்காம ஏறுனவங்களையும் சேத்தா ரொம்ப கூடன்னு அந்தப் பக்கத்து ஜனங்க சொல்றாங்க. ஒருத்தரும் பொழைக்கல. இந்தப் புயல்ல மொத்தமா 1,800 பேருக்கு மேல செத்ததா சொல்றாங்க. தந்தி போஸ்ட் எல்லாம் சாஞ்சு போனதால வெளிய நியூஸ் வர்றதுக்கே ரெண்டு நாள் ஆச்சு. மெட்ராஸ் அரசாங்கம் இனிமே தனுஷ்கோடி மனுஷன் வாழ லாயக்கில்லாத எடம்னு அறிவிச்சுருச்சு.

இதுல என்ன யோசிக்க வைக்கிற விஷயம் என்னன்னா, பாம்பன் பாலமும் அதே புயல்ல போச்சு. கர்டர்ல முக்காவாசிக்கு மேல கடல்ல விழுந்துருச்சு. அத ஈ.ஸ்ரீதரன்ங்கற எஞ்சினியர், அப்ப சின்ன வயசுக்காரரு, பின்னாடி டெல்லி மெட்ரோ போட்டாரே அவருதான், கடல்ல கெடந்த கர்டரையெல்லாம் தூக்கி எடுத்து 46 நாள்ல சரி பண்ணி ரயில் விட்டுட்டாரு. கடல் நடுவுல ரெண்டு கிலோமீட்டர் பாலத்த ஒன்னர மாசத்துல எழுப்ப முடிஞ்ச ரயில்வேக்கு தனுஷ்கோடிய எழுப்புறது முடியாத காரியமா இருந்திருக்காது. வேணாம்னு விட்டாங்க. இன்னொரு புயல் வந்தா என்ன ஆகும்ங்கற பயம் நியாயமான பயம்தான், அத நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனா அந்த வழிய பெருசா தேவைப்பட்டுக் கேக்க யாரும் இல்லாம போனதும் ஒரு காரணம்னுதான் என் மனசுக்குப் படுது. பாம்பன்லேர்ந்து தனுஷ்கோடி போன லைன் அப்படியே மணல்ல புதஞ்சு போச்சு, கெளையா இருந்த ராமேஸ்வரம் கடைசி ஸ்டேஷன் ஆயிருச்சு.

எங்க குடும்பம் திரும்பி வந்தது 1972ல. ராமானுஜம் கப்பல். அது தலைமன்னார்லேர்ந்து ராமேஸ்வரத்துக்கு வரும், தனுஷ்கோடி இல்லாததால. அட்டன் ஸ்டேஷன்ல அன்னிக்கு வந்த கோச்சிக்கு மலநாட்டுல ஒரு பேரு உண்டு, அழுகைக் கோச்சி. ஒரே லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, ஒண்ணா பொறந்து வளந்தவங்கள்ல ஒரு வீட்டுக்கு இந்தியா, ஒரு வீட்டுக்கு இலங்கைன்னு வந்துருக்கும். பிளாட்பாரத்துல நிக்கிறவங்களும் உள்ள உக்காந்திருக்கவங்களும் ஜன்னல் கம்பி வழியா கையப் புடிச்சுக்கிட்டு விடமாட்டாங்க, கோச்சி நகர நகர கூடவே ஓடுவாங்க. அப்பாயியோட தங்கச்சி, அங்க பொறந்தது, அது அங்கயே தங்கிருச்சு. அப்புறம் அதுங்க ரெண்டும் பாத்துக்கவே இல்ல. 1984ல அந்தக் கப்பலும் நின்னுபோச்சு.

2013ல நான் அப்பாயிய ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போனேன். சாமி கும்பிடத்தான் கெளம்புனோம், அங்க போனதும் "அந்த டேசனப் பாக்கணும்"னு சொல்லிருச்சு. அப்ப இந்த தார் ரோடு இல்ல, அது 2017ல தான் வந்துச்சு. முகுந்தராயர் சத்திரத்தோட ரோடு முடிஞ்சுரும், அங்கேர்ந்து வேன். மணல்லயும் கடல் தண்ணிலயும் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க, ஒவ்வொரு குலுக்கலுக்கும் எனக்குத்தான் பக்குபக்குன்னு இருந்துச்சு, எம்பத்தி மூணு வயசுக்காரிய இப்படிக் கொண்டுவந்துட்டமேன்னு. அது முன் சீட்டுக் கம்பிய புடிச்சுக்கிட்டு பேசாம வெளிய பாத்துக்கிட்டு வந்துச்சு.

ஸ்டேஷன்ல மிச்சம் இருக்கறது கொஞ்சம் செவுரு, வளைவு வச்ச தூணுங்க, கொஞ்சம் தள்ளி தண்ணித்தொட்டி நின்ன கட்டடம். கிட்ட போயி பாத்தேன். உப்புக் காத்து செங்கல்ல உள்ளுக்குள்ளயே தின்னுருக்கு, ஒவ்வொரு கல்லும் குழியா கரைஞ்சுபோயி, கல்லுக்குக் கல்லு நடுவுல பூசுன சுண்ணாம்பு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு தேன்கூடு மாதிரி நிக்குது. வெரல வச்சா செவப்புப் பொடி ஒட்டுது. சர்ச்சு அப்படி இல்ல, அது பவளப்பாற கல்லுல கட்டுனது, கல்லுக்குள்ள பூ மாதிரி வரி வரியா தெரியும். பக்கத்துலயே சங்கு, சிப்பி மாலை விக்கிற கடைங்க. வாழ லாயக்கில்லன்னு சொன்ன ஊருலதான் மீனவக் குடும்பங்க அன்னிக்கும் ஓலைக் குடிசைல இருந்தாங்க, இன்னிக்கும் இருக்காங்க. கடலுக்கு எட்டி ஒரு ஓரமா மணல்ல குழி தோண்டி ஒரு அக்கா கொட்டாங்கச்சியால தண்ணிய மொண்டு மொண்டு கொடத்துல ஊத்திக்கிட்டு இருந்தாங்க. குடிச்சுப் பாத்தேன், நல்ல தண்ணி. ரெண்டு பக்கமும் கடல் இருக்கற எடத்துல அப்படி ஒரு ஊத்து.

அப்பாயி செவுத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுச்சு. அழும்னு நெனச்சேன், அழல. கடைசில என்னப் பாத்து, "இது இல்லடா"ன்னுச்சு.

"இதுதான் அப்பாயி, ஒரே ஒரு டேசன்தான் இருந்துச்சு."

"இல்ல சாமி. அங்க நிக்க எடம் இருக்காது. எங்கம்மா என்னக் கட்டியில்ல வச்சிருந்துச்சு."

வேன்காரரும் எடுத்துச் சொன்னாரு, புயலுக்கு முன்னாடி இப்படி இருந்துச்சும்மா, அந்தா அங்கதான் ஜெட்டின்னு. அது தலைய ஆட்டிக்கிச்சு, ஆனா நம்பல. பிளாட்பாரத்துலேர்ந்து கடலுக்கு ரொம்ப நடந்தோம், இங்க என்ன கடல் கால்கிட்டயே கெடக்குன்னு கேட்டுச்சு. கடல்தான் உள்ள வந்துருச்சுன்னு வேன்காரர் சொன்னாரு. வேற ஏதோ ஒரு பாழுங் கட்டடத்தக் காட்டி ஏமாத்துறோம்னு அதுக்கு ஒரு சந்தேகம் கடைசி வரைக்கும் இருந்துச்சு, ஊருக்கு வந்தப்புறமும் யாராவது கேட்டா "டேசனக் காட்டலடா இவன்"னுதான் சொல்லும்.

ராமேஸ்வரத்துலேர்ந்து தனுஷ்கோடிக்கு 17 கிலோமீட்டருக்கு மறுபடி லைன் போடப் போறோம்னு 2019ல பிரதமர் அடிக்கல்லாம் நாட்டுனாரு. இதுவரைக்கும் ஒரு தண்டவாளமும் விழல. போடணுமான்னு கேட்டா எனக்கே தெளிவா ஒரு பதில் இல்ல. அந்த மணல் எவ்வளவு மெலிசுன்னு கண்ணால பாத்துருக்கேன், ஆமை வந்து முட்ட வைக்கிற கர அது. வெறும் டூரிஸ்ட்டுக்காக போடுறதுன்னா வேணாம்னுதான் சொல்லுவேன். தலைமன்னார் பக்கம் யுத்தத்துல 1990ல நின்ன லைன 2015ல திருப்பி ஓட்டிட்டாங்க. பாம்பனுக்குப் புது பாலம் 2025 ஏப்ரல்ல வந்துருச்சு. ரெண்டு பக்கமும் ரயில் கடல் வரைக்கும் வந்து நிக்குது, நடுவுல தனுஷ்கோடி மணலும் அந்த 35 கிலோமீட்டர் கடலும் மட்டும் அப்படியே கெடக்கு.

டேசனப் பாத்த அன்னிக்கு ராத்திரி ராமேஸ்வரத்துல சென்னை எக்ஸ்பிரஸ் ஏறுனோம், புதுக்கோட்டை வழியா போறது. அத இன்னிக்கும் எல்லாரும் போட் மெயில்னுதான் சொல்றாங்க. அப்பாயிக்கு லோயர் பெர்த், ஜன்னலோரம். பையெல்லாம் சீட்டுக்கு அடில தள்ளிட்டு போர்வைய எடுத்துக் குடுத்தேன்.

"இந்தக் கோச்சி எங்கேர்ந்து வருது?"

"எங்கேர்ந்தும் வரல, இங்கேர்ந்துதான் கெளம்புது."

"இதுக்கு அங்கிட்டு?"

"இதுக்கு அங்கிட்டு லைன் இல்ல அப்பாயி."

ஒண்ணும் சொல்லல, படுத்துருச்சு. பாம்பன் பாலத்துல வண்டி மெதுவா ஊர ஆரம்பிச்சதும் சத்தம் மாறும்ல, அதுல முழிச்சுக்கிச்சு. காத்து அடிக்குது, ஜன்னல எறக்கவான்னு கேட்டேன். வேணாம்னு கைய ஆட்டிட்டு எந்திரிச்சு உக்காந்து, ஜன்னல் கம்பிய ஒரு கையால புடிச்சுக்கிட்டு, மண்டபம் வர்ற வரைக்கும் இருட்டுல கடலப் பாத்துக்கிட்டே வந்துச்சு.